மேடையில் சொல்வது பொய்யா, பிரமையா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரத்தில் தேர்தல் காலத்துச் செராமா (பிரசாரக் கூட்டம்) முடிந்து, ஆலய மண்டபத்திலிருந்து கூட்டம் கலைந்து, ஒட்டுக்கடையில் ஆளுக்கொரு தே தாரேக்குடன் உட்காரும் நேரத்தில், அன்றைய பேச்சாளரைப் பற்றிப் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகள் வரும். ஒன்று, “வாயைத் திறந்தாலே பொய்தான்” என்பது. மற்றொன்று, “ஆளைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்” என்பது. 1911இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால், பேராக் தமிழர்களுக்கு இந்த இரண்டாவது தீர்ப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே மனிதர் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிடுவதும் உண்டு. ஆனால் இவை ஒன்றோடொன்று ஒட்டாத குற்றச்சாட்டுகள். பொய் சொல்பவர் உண்மை இன்னதென்று தெரிந்தே அதற்கு மாறாகப் பேசுகிறார். பிரமையில் இருப்பவருக்கோ தாம் சொல்வதே உண்மை. ஒரே கூற்றைப் பொறுத்தவரை ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்க முடியாது. இவற்றை எப்படிப் பிரித்தறிவது, இந்த இரண்டிலும் அடங்காத வேறு நிலைகள் இருக்கின்றனவா என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

கேள்வி பெரும்பாலும் எழுவது வெகுசனவாத வேட்பாளர்களைப் பற்றித்தான். வெகுசனவாதம் என்பதற்கு நெதர்லாந்து அரசியல் அறிஞர் காஸ் முட்டே 2004இல் தந்த வரையறை இன்று பரவலாக எடுத்தாளப்படுகிறது. சமுதாயத்தைத் தூய்மையான மக்கள் ஒரு பக்கம், ஊழலில் ஊறிய மேல்தட்டினர் மறுபக்கம் என்று இரண்டாகப் பிரித்து, மக்களின் விருப்பமே அரசியலாக வேண்டும் என்று வாதிடும் போக்கு அது. இடதுசாரிகளிடமும் அது உண்டு, வலதுசாரிகளிடமும் உண்டு. அந்தப் போக்கே பொய் என்று சொல்லிவிட முடியாது. மேல்தட்டினர் உண்மையாகவே கைவிட்ட ஊர்கள் உலகமெங்கும் இருக்கின்றன, தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதும் இல்லை. ஆனால் அந்தப் பிரிவினைக்குள் பேச்சாளருக்கு ஒரு பெரிய வசதி ஒளிந்திருக்கிறது. அதிகாரிகள், பத்திரிகைகள், நீதிமன்றம், புள்ளிவிவரத் துறை எல்லாரும் மேல்தட்டின் கையாட்கள் என்று ஒருமுறை நிலைநாட்டிவிட்டால், பிறகு அவர்கள் வெளியிடும் ஒவ்வொரு மறுப்பும் அவர் சொன்னதற்கே சான்றாகிவிடும். “மறுக்கிறார்கள் பாருங்கள், அப்படியானால் ஏதோ இருக்கிறது” என்று கூட்டம் தானே முடித்துக்கொள்ளும்.

பேச்சுக்காக ஒரு வேட்பாளரை வைத்துக்கொள்வோம். நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நிற்கும் அவர் மேடையேறி, “லயத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிராண்டு தயாராகிவிட்டது, கடிதத்தை என் கண்ணாலேயே பார்த்தேன், மேலே இருப்பவர்கள்தாம் அமுக்கி வைத்திருக்கிறார்கள்” என்கிறார். (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், கிராண்டு என்பது நிலப்பட்டா.) அப்படி ஒரு கடிதம் எங்குமே இல்லை. அவர் “கிராண்டு வாங்கித் தருவேன்” என்று மட்டும் சொல்லியிருந்தால் அது வாக்குறுதி. கொடுக்கும்போது அதை நிறைவேற்றும் எண்ணம் இருந்ததா என்று கேட்கலாமே தவிர, அன்றைக்கே அதை உண்மை, பொய் என்று பிரிக்க முடியாது. தேர்தல் வாக்குறுதிகள் எல்லாவற்றையும் பொய்க் கணக்கில் சேர்த்துவிடும் நம் வழக்கம் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. “தயாராகிவிட்டது”, “பார்த்தேன்” என்பவை நடந்து முடிந்தவற்றைப் பற்றிய கூற்றுகள். அவற்றைச் சரிபார்க்க முடியும்.

கூற்று தவறானது என்பதால் மட்டும் அது பொய்யாகிவிடாது. “தன்நெஞ் சறிவது பொய்யற்க” என்று வள்ளுவர் சொல்லும்போது, பொய்யின் இருப்பிடம் நாக்கு அல்ல, நெஞ்சுக்குத் தெரிந்ததற்கும் நாக்கு சொல்வதற்கும் இடையிலுள்ள விலகல் என்பது அதில் அடங்கியிருக்கிறது. கிறித்தவ இறையியலாளர் அகுஸ்தீன் ஏறத்தாழ கி.பி. 395இல் பொய்யைப் பற்றி எழுதியபோதும் இதே இடத்துக்குத்தான் வந்தார்: தவறானதை உண்மையென்று நம்பிச் சொல்பவர் பிழை செய்கிறார், பொய் சொல்லவில்லை. நம் வேட்பாளரிடம் அவருடைய உதவியாளர் ஏதோ ஒரு தாளைக் காட்டி, இதுதான் நில ஒப்புதல் என்று சொல்லியிருந்தால், அவர் மேடையில் சொன்னது தவறான தகவல்; அவரோ ஏமாந்தவர். கடிதம் இல்லை என்று தெரிந்துகொண்டே, கேட்பவர்களை நம்பவைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு சொல்லியிருந்தால்தான் அது பொய்.

பிரமை என்பது இவ்விரண்டிலிருந்தும் வேறானது. செருமானிய மனநல மருத்துவர் கார்ல் யாஸ்பர்ஸ் 1913இல் அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: அசைக்க முடியாத உறுதி, எந்தச் சான்றாலும் அனுபவத்தாலும் திருத்த முடியாமை, நடக்கவே முடியாத உள்ளடக்கம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பும், முரணான சான்றுகளைக் கண்டபின்னும் மாறாத நிலைத்த நம்பிக்கை என்றே அதை விவரிக்கிறது. அதனுடன் ஒரு விலக்கும் உண்டு. ஒருவருடைய பண்பாட்டிலோ சமூகத்திலோ மற்றவர்களும் பொதுவாக ஏற்றுக்கொண்டிருக்கும் நம்பிக்கையைப் பிரமை என்று சொல்வதில்லை. ஒரு ஊரே நம்பும் ஒன்றைத் தானும் நம்புகிறவர், அது எவ்வளவு தவறாக இருந்தாலும், நோயாளி அல்லர்.

பிரமை நோயுள்ளவரோடு வாழ்ந்த குடும்பங்களுக்குத் தெரியும், அது அவருக்கு எந்த லாபத்தையும் கொண்டுவருவதில்லை. பக்கத்து வீட்டார் தண்ணீர்த் தொட்டியில் விஷம் கலக்கிறார்கள் என்று உறுதியாக நம்புகிறவர் தாகத்தோடு கிடப்பார், வேலையை இழப்பார், பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போவார்கள். கேட்பவர் யார் என்று பார்த்து அவர் கதையை மாற்றுவதில்லை. மருத்துவரிடமும் அதே, போலீசிடமும் அதே, பெற்ற பிள்ளையிடமும் அதே. வெகுசனவாத வேட்பாளரின் உண்மையற்ற கூற்று இதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது. அது அவருக்கு ஆள் சேர்க்கிறது, கைதட்டல் தருகிறது, சில வேளைகளில் பதவியையும் தருகிறது. தமிழ்க் கூட்டத்தில் ஒரு மாதிரி, மலாய்க் கூட்டத்தில் வேறு மாதிரி, வணிகர்களின் விருந்தில் சத்தமே இல்லாமல் என்று இடத்துக்குத் தக்கபடி உருமாறுகிறது. அவ்வளவு பக்குவமாக வளைந்து கொடுக்கும் ஒன்றை நோய் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நோயாளிகளுக்கும் அது அவமரியாதை.

மருத்துவர்களே இந்த வழியில் ஒருமுறை சறுக்கியிருக்கிறார்கள். 1964இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் பேரி கோல்ட்வாட்டர் நின்றபோது, ஓர் இதழ் 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. பதில் எழுதிய 2,417 பேரில் 1,189 பேர் அவர் பதவிக்கு உளவியல் அடிப்படையில் தகுதியற்றவர் என்று எழுதினார்கள். அவரை நேரில் சோதித்துப் பார்க்காமல் எழுதப்பட்ட தீர்ப்புகள் அவை. கோல்ட்வாட்டர் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார். அதன் விளைவாக 1973இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம், நேரில் பரிசோதிக்காத பொதுவாழ்வு மனிதர்களைப் பற்றி நோயறிதல் சொல்லக் கூடாது என்று விதி வகுத்தது. பிறகு டோனால்ட் டிரம்ப் அதிபரானபோது இதே விவாதம் மீண்டும் எழுந்தது. 2017 பிப்ரவரியில் ஆலன் பிரான்சஸ் என்ற மூத்த மனநல மருத்துவர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். டிரம்பின் மேல் சிலர் சுமத்திய சுயமோக ஆளுமைக் கோளாற்றுக்கான அளவைகளை முந்தைய பதிப்புக் கையேட்டில் எழுதியவர் அவரே. டிரம்ப் சுயமோகத்தில் முதல்தரமானவராக இருக்கலாம், ஆனால் அதனால் அவருக்குத் துன்பமோ செயலிழப்போ ஏற்படவில்லை, ஆகவே அது மனநோய் ஆகாது என்பது அவருடைய வாதம். கெட்ட நடத்தைக்கு நோய்ப் பெயர் சூட்டுவது நோயுற்றவர்களை இழிவுபடுத்துகிறது என்றும் அவர் எழுதினார். டிரம்பை அவர் பாராட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரசியலை அரசியலால் எதிர்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார்.

பொய்யும் அல்ல, பிரமையும் அல்ல என்றால் மிச்சம் என்ன? அமெரிக்க மெய்யியலாளர் ஹாரி பிராங்பர்ட் 1986இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் மூன்றாவது வகை ஒன்றைப் பிரித்துக் காட்டினார். பொய்யருக்கு உண்மை தேவைப்படுகிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதிலிருந்து கேட்பவரைத் திருப்பிவிட முடியும். மூன்றாம் வகையினருக்கோ தாம் சொல்வது உண்மையா இல்லையா என்ற அக்கறையே இல்லை. அந்த நேரத்துக்கு, அந்தக் கூட்டத்துக்கு எது எடுபடுகிறதோ அதைச் சொல்வார்கள். அது தற்செயலாக உண்மையாகவும் இருந்துவிடலாம். நம் வேட்பாளர் அந்தத் தாளைப் பார்த்தாரா இல்லையா என்று தம் நெஞ்சைக் கேட்டுப் பார்க்கவே இல்லை. “கிராண்டு” என்றதும் முன்வரிசைப் பாட்டிகள் நிமிர்ந்து உட்கார்ந்ததைத்தான் பார்த்தார். நம் ஊர் வழக்கில் இதை “அடிச்சு விடுறது” என்போம். பொய்யைவிட இது உண்மைக்குப் பெரிய எதிரி என்று பிராங்பர்ட் கருதினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் பொய்யரை ஆதாரத்தோடு பிடிக்கலாம். அக்கறையே இல்லாதவர் பிடிபட்ட இடத்தில் நிற்காமல் அடுத்த கூற்றுக்குத் தாவியிருப்பார்.

நான்காவதாக ஒரு நிலையும் உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் வழுக்கலானது: தன்னையே ஏமாற்றிக்கொள்வது. உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ், பிறரை நன்றாக ஏமாற்றுவதற்காகவே நாம் முதலில் நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம் என்று வாதிட்டார். தான் நம்புவதைச் சொல்பவனின் குரல் நடுங்காது, கண் தாழாது. இதனுடன், 1977இல் ஹேஷர், கோல்ட்ஸ்டைன், டோப்பினோ ஆகிய மூன்று உளவியலாளர்கள் கண்டறிந்ததைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்கள், அது உண்மையானாலும் பொய்யானாலும், அதை மேலும் மேலும் உண்மையென மதிப்பிடுகிறார்கள். மேடைப் பேச்சாளர் தம் பேச்சை எல்லாரையும்விட அதிக முறை கேட்பவர். முதல் செராமாவில் தெரிந்தே சொன்ன பொய், இருபதாவது செராமாவில் அவருக்கே நினைவாகிவிட்டிருக்கலாம். அப்படியானால் “பொய்யா, நம்பிக்கையா” என்ற கேள்விக்கு எந்தத் தேதியில் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

உண்மையில் நடந்த ஒன்றில் இதை வைத்துப் பார்க்கலாம். 2020 நவம்பரில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தல் தம்மிடமிருந்து திருடப்பட்டது என்று டிரம்ப் சொல்லிவந்தார். அவர் தரப்பு தொடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் ஏறக்குறைய எல்லாமே தோற்றன. அவருடைய தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த வில்லியம் பார், பின்னர் நாடாளுமன்றக் குழுவிடம் சாட்சியம் அளித்தபோது, இதையெல்லாம் டிரம்ப் உண்மையாகவே நம்புகிறார் என்றால் அவர் நிஜ உலகோடு தொடர்பற்றுப் போய்விட்டார் என்று தமக்குத் தோன்றியதாகச் சொன்னார். அந்தச் சாட்சியத்தில் முக்கியமான சொல் “என்றால்” என்பதுதான். அருகிலேயே இருந்தவராலும் அந்தச் சொல்லை எடுத்துவிட முடியவில்லை.

2021 ஜனவரி 2ஆம் நாள் தொலைபேசி உரையாடல் ஒன்று பதிவாகியிருக்கிறது. ஜார்ஜியா மாநிலத் தேர்தல் பொறுப்பாளரை டிரம்ப் அழைத்து, மாநிலத்தில் தாம் பெரிய வித்தியாசத்தில் வென்றதாகச் சொல்லிவிட்டு, 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். அவரை எதிர்த்து நின்ற ஜோ பைடன் அங்கே 11,779 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றிருந்தார். மிகப் பெரிய வெற்றி திருடப்பட்டது என்று நெஞ்சார நம்புகிறவர் ஒரே ஒரு வாக்கு கூடுதலாகக் கேட்பாரா? அதிகாரபூர்வ எண்ணிக்கையை அவர் கடைசி இலக்கம் வரை அறிந்திருந்தார் என்பதற்கு இது சான்று. அவர் அதைச் சரியென்று ஏற்றார் என்பதற்குச் சான்று அல்ல. எனக்குத் தேவையான அளவு கிடைத்தால் போதும் என்றுதான் கேட்டேன் என்று அவர் சார்பில் வாதிடவும் இடம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் தாக்கலான கூட்டரசுக் குற்றப்பத்திரிகை, தம் கூற்றுகள் பொய்யென அவர் அறிந்திருந்தார் என்று சாட்டியது. உண்மையாகவே நம்பினார் என்பது எதிர்வாதமாக முன்வைக்கப்பட்டது. அவர் மீண்டும் தேர்தலில் வென்றதும் 2024 நவம்பரில், விசாரணை தொடங்குவதற்கு முன்பே அந்த வழக்கு கைவிடப்பட்டதால், நீதிமன்றம் அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இல்லை.

சட்டம் ஏன் நெஞ்சுக்குள் நுழையப் பார்க்கிறது என்றால், தண்டனைக்குத் தெரிந்தே செய்தல் என்பது பொதுவாக அடிப்படை என்பதால்தான். ஆனால் சட்டம் எழுதியவர்கள் மூன்றாம் வகையினரை அறியாதவர்கள் அல்லர். இந்தியாவின் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவு, எதிர் வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றிய பொய்யான கூற்றை முறைகேடு என்கிறது. சொல்பவர் அதைப் பொய்யென நம்பியிருந்தாலும் சரி, உண்மையென நம்பாதிருந்தாலும் சரி என்று இரண்டையும் தனித்தனியே சொல்கிறது. அடிச்சு விடுபவர் அந்த இரண்டாம் பகுதியில் சிக்குகிறார். பிரிட்டனில் 2010இல் பில் வூலஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 103 வாக்குகளில் வென்ற வெற்றி செல்லாதென்று தீர்ப்பானது. எதிராளியைப் பற்றி அவர் வெளியிட்டவை பொய், அவற்றை உண்மையென நம்ப அவருக்கு நியாயமான காரணம் இருக்கவில்லை என்று தேர்தல் நீதிமன்றம் கண்டது. மலேசியாவில் 14ஆவது பொதுத் தேர்தலுக்குச் சற்று முன்பு நிறைவேறிய 2018ஆம் ஆண்டுப் பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம், எது பொய் என்பதை அரசே முடிவு செய்துவிடும் என்ற அச்சத்தை எழுப்பியது; அதை நீக்கும் மசோதா 2019இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்த அச்சம் வீணானது அன்று.

இனி, மேடைக்குக் கீழே இருப்பவர்கள். மலேசியாவின் 2013 பொதுத் தேர்தலின்போது 40,000 வங்காளதேசிகள் விமானத்தில் கொண்டுவரப்பட்டு வாக்களிக்கிறார்கள் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. சில இடங்களில் வெளிநாட்டவர்போல் தோன்றியவர்களை வாக்குச்சாவடி வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார்கள். அந்த எண்ணிக்கை நிரூபிக்கப்படவே இல்லை. பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் பொய்யர்கள் அல்லர், பிரமை பிடித்தவர்களும் அல்லர். தேர்தல் நடத்தப்படும் முறையில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை, அந்தச் செய்தி அவர்களுடைய அவநம்பிக்கைக்குப் பொருத்தமாக வந்து சேர்ந்தது, அவ்வளவே.

இன்னும் விந்தையானது, பொய்யென்று தெரிந்தே கைதட்டுபவர்களின் நிலை. ஆலிவர் ஹால், மின்ஜே கிம், எஸ்ரா சக்கர்மன் சிவன் ஆகிய சமூகவியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்க முயன்றது. அரசியல் அமைப்பே தங்களை ஏமாற்றிவிட்டது என்று உணர்பவர்கள், வெளிப்படையாகப் பொய் சொல்லி அந்த அமைப்பின் ஒழுங்குகளை உடைக்கும் தலைவரை நேர்மையானவராகவே காண்கிறார்கள். அவர் மேல்தட்டினரின் மதிப்பைத் துணிந்து இழந்திருக்கிறார், ஆகவே நம்மவர் என்று கருதுகிறார்கள். தலைமுறைகளாக ரப்பர் மரத்தில் பால் வெட்டி, தோட்டம் கைமாறியபோது லயத்தையும் இழந்து தாமானுக்கு (நகரக் குடியிருப்புக்கு) இடம்பெயர்ந்த ஒரு பெரியவர், “அவன் சொல்றது பொய்னு எனக்கும் தெரியும் தம்பி, ஆனா எங்க வயித்தெரிச்சலை அவன்தானே பேசுறான்” என்று சொன்னால், அவரிடம் கடிதம் இல்லை என்று மட்டும் நிரூபித்துப் பயனில்லை. அவர் அந்தக் கடிதத்தை நம்பியே இருக்கவில்லை.

வாக்காளர் என்ற முறையில் நமக்கு நெஞ்சைத் திறந்து பார்க்கும் அதிகாரமும் இல்லை, கருவியும் இல்லை. நடத்தையை மட்டும் பார்க்கலாம். நம் வேட்பாளரின் கூற்றுக்கே திரும்புவோம். மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் அதில் கையொப்பமிட முடியாது. தோட்ட நிலமோ பெரும்பாலும் கம்பெனியின் சொத்து. கம்பெனி விட்டுக்கொடுக்காமல், அல்லது அரசு கையகப்படுத்தாமல், லயத்துக்குக் கிராண்டு வராது. மாநில அரசு நிலம் தர ஒப்புதல் கொடுத்திருந்தால், கட்ட வேண்டிய பிரீமியம் முதலான தொகைகளைக் குறித்து நில அலுவலகத்திலிருந்து போராங் (படிவம்) 5ஏ என்ற அறிவிப்பு வர வேண்டும். ஆகவே செராமா முடிந்ததும் ஒருவர் எழுந்து, “ஐயா, 5ஏ யாருக்காவது வந்திருக்கிறதா? கோப்பு எண் சொல்ல முடியுமா?” என்று மரியாதையாகக் கேட்கலாம்.

பொய்யர் இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே வந்திருப்பார். வழக்கறிஞரிடம் இருக்கிறது, தேர்தல் முடிந்ததும் காட்டுகிறேன் என்று தவணை சொல்வார், ஏனென்றால் எதைக் காட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும். அடிச்சு விடுபவர் கேட்டவரையே எந்தக் கட்சி என்று விசாரித்துவிட்டு, கிராண்டை விட்டுத் தமிழ்ப்பள்ளிக்குத் தாவிவிடுவார். தம்மைத் தாமே நம்பவைத்துக்கொண்டவர் மனம் புண்பட்டு, பார்த்தேன் என்றால் பார்த்தேன் என்பார், குரல் உண்மையாகவே கம்மும். இந்த மூவரையும் மேடைக்குக் கீழிருந்து பிரித்தறிய முடியாமல் போகலாம். வாக்குச்சீட்டைப் பொறுத்தவரை பிரித்தறிய வேண்டிய அவசியமும் குறைவு, மூவரும் சரிபார்க்க மறுத்தவர்களே. உண்மையாகவே பிரமை நோயால் வாடும் ஒருவர் வேட்பாளராக அந்த மேடை வரை வந்து சேர்வது அரிது. வந்தால் அவருக்கு மருத்துவம் தேவை, ஒட்டுக்கடைக் கேலி தேவையில்லை. ஐந்தாவதாக, உதவியாளர் காட்டிய தாளை நம்பி ஏமாந்தவர் இருக்கிறார். அவர் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டு போய், மறுநாள் நில அலுவலகத்தில் விசாரித்து, அடுத்த செராமாவில் அப்படி ஒரு கடிதம் இல்லையாம் என்று தாமே சொல்வார். அன்றைக்கு அவரைப் பார்த்து “பொய்க்காரன், அவனே ஒத்துக்கொண்டான்” என்று கூவுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.